ஜாக்கோ கூப்பே, ஸ்போர்ட் பிளஸ், இடது சீட்

நாலு கதவு இருந்த காரில் இரண்டைக் குறைத்துவிட்டு, குறைத்ததற்காகவே கூடுதல் விலை வாங்கலாம் என்று முதன்முதலில் கண்டுபிடித்த மேதையின் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. இது கல்வித் துறையின் மன்னிக்க முடியாத கவனக்குறைவு. ஆவடி செக்போஸ்ட்டில் அவருக்கு ஒரு முழு உருவச் சிலை வைத்து, வருஷா வருஷம் மாலை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். சிலை அமையும்வரை அந்த மேதையின் புகழ் பாடும் பொறுப்பை, ஏழாவது தெருவில் குடியிருக்கும் திரு. உத்தமன் அவர்கள் தனியாளாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

உத்தமன் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். உள்ளே என்ன செய்கிறார்கள் என்பது தேச ரகசியம். பஸ் கண்டக்டர் மட்டும் அந்த ரகசியத்தையே ஸ்டாப்பின் பெயராகச் சொல்லிக் கூவி ஆள் இறக்குவார். இருபத்தொன்பது வருஷமாக உத்தமனுக்கு இரும்பை அளந்து 'தேறியது', 'தேறவில்லை' என்று முத்திரை குத்தும் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். கல்யாண வீட்டில் வாழை இலையைக்கூட அவர் அளந்து பார்த்ததாகச் சொல்வார்கள். அது பொய். கண்ணால் மதிப்பிட்டதோடு சரி.

அவர் குடியிருந்த க்வார்ட்டர்ஸில் கார் பற்றிய உயர்ந்த மரபு ஒன்று உண்டு. கார் என்பது வாங்குகிற நிமிஷம் வரைதான் ஒருவருடையது. அதன்பின் அது தெருவுடையது. உத்தமன் எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பழைய வெள்ளை வேன் வாங்கினார். அன்றிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு, முகப்பேர் ஆஸ்பத்திரிக்கு, பூந்தமல்லி கல்யாண மண்டபத்துக்கு, யார் போனாலும் அதில்தான் போனார்கள். உத்தமன் ஓட்டினார்.

அதில் உட்காரும் வரிசையும் யாரும் எழுதாத விதிப்படி நடந்தது. முன்சீட்டில், வந்தவர்களில் அதிக கிரேடு உள்ள ஆண். நடுவரிசையில் அவருடைய மனைவியும் மைத்துனர்களும். கடைசி வரிசையில் டிபன் கேரியர், பூக்கூடை, இரண்டு மடக்கு நாற்காலி, பத்மா.

பத்மா உத்தமனின் மனைவி. வேனின் கடைசி சீட் பின்பக்கம் பார்த்த மாதிரி பொருத்தியது. அதனால் எட்டு வருஷமாக உத்தமன் கண்ணாடியில் அவளுடைய கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினார். போன வருஷம், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்த அன்று, இருவரும் திருவேற்காடு கோயிலுக்குக் கிளம்பினார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டியில் ஏழு பேர். அன்றைக்கும் கொண்டைதான். அதில் அவரே வாங்கிக் கொடுத்த மல்லிகைப்பூ. உத்தமனுக்கு வெட்கமாக இருந்தது. வேனை விற்பது என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெளியில் இருப்பவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். இரண்டு டன் இரும்பைத் 'தேறவில்லை' என்று திருப்பி அனுப்புகிற அதே வாய், தன்னைவிட ஒரு கிரேடு மேலே இருப்பவரைப் பார்த்தால் "உக்காருங்க சார்" என்று மட்டும்தான் சொல்லும். அப்படித்தான் அதற்குப் பயிற்சி. ஆகவே தன்னால் சொல்ல முடியாததைச் சொல்லக்கூடிய ஒரு கார் வேண்டும் என்று உத்தமன் தேடினார். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு போல்ட் கம்பெனிக்குப் பக்கத்து ஷோரூமில் அது இருந்தது.

ஜாக்கோ கூப்பே. 'நடுத்தர வர்க்கத்தின் முதல் பந்தயக் கார்' என்று வாசலில் பேனர். விற்பனைப் பிரிவில் இருந்த சபீனா மரியாதையான பெண். எந்தக் கேள்விக்கும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்று கம்பெனி அவளுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தது.

"பேஸ் மாடல்ல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார் உத்தமன்.

"கார் இருக்கு சார்."

"ஸ்போர்ட் மாடல்ல?"

"காரும் இருக்கு, சிவப்பு நூலும் இருக்கு சார். ஸ்டியரிங், சீட்டு, கியர் எல்லாத்துலயும் சிவப்பு நூல் போட்டுத் தைச்சிருப்பாங்க."

"ஸ்போர்ட் பிளஸ்?"

"அதுல ரேஸ் மோட் வருது சார். பட்டன அழுத்தினா மீட்டர் சிவப்பா மாறும்."

"வண்டி?"

"வண்டி அப்படியேதான் சார் இருக்கும். ஆனா எஞ்சின் சத்தம் எட்டு ஸ்பீக்கர்ல வரும்."

"எஞ்சினுக்குச் சத்தம் கிடையாதா?"

"அது வெளிய கேக்காம இருக்கறதுக்குத் தனியா பஞ்சு வச்சு அடைச்சிருக்கோம் சார். அப்புறம் ஸ்பீக்கர்ல விடுறோம்."

பின்னால் ஒரு இறக்கை இருந்தது. நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் வண்டி தரையை விட்டுக் கிளம்பாமல் அது அழுத்திப் பிடிக்குமாம். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரும் வழியில் வண்டி தரையை விட்டுக் கிளம்பினால்தான் சீக்கிரம் போக முடியும் என்பதை உத்தமன் நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. அவர் டேப்பை எடுத்துப் பின்சீட்டுக்குள் நீட்டினார்.

"இதுல ஆள் உக்கார முடியுமா?"

"தாராளமா உக்காரலாம் சார். மூணு பேர்."

"அப்ப வேணாம்மா," என்று உத்தமன் டேப்பைச் சுருட்டினார்.

சபீனா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பயிற்சியில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அவள் கெட்டிக்காரி.

"ரெண்டு பேர்தான் சார். அதுவும் கொஞ்சம் கஷ்டம்."

"எவ்வளவு கஷ்டம்?"

"உண்மையச் சொல்லட்டுமா சார்? உக்காரவே முடியாது. காலை வச்சா தலைக்கு இடமில்ல, தலைய வச்சா காலுக்கு இடமில்ல. இன்ஷூரன்ஸ் பேப்பர்ல நாலு சீட்டுன்னு போடணும், அதுக்காக வச்சிருக்காங்க."

உத்தமனின் முகம் மலர்ந்தது. ஸ்போர்ட் பிளஸ்ஸையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முன்சீட்டைச் சாய்த்துப் பின்னால் சுலபமாக ஏறுவதற்கு 'ஈஸி என்ட்ரி' என்று ஒரு விசை உண்டு; அதை எடுத்துவிடச் சொன்னார். அதற்குப் பதிலாக, குளிர்காற்று வருகிற, முதுகு பிடித்துவிடுகிற, உட்காருபவரின் அளவை ஞாபகம் வைத்துக்கொள்கிற மெமரி சீட்டைக் கேட்டார். இடது பக்கத்துக்கு மட்டும்.

"எல்லாரும் டிரைவர் சீட்டுக்குத்தான் சார் போடுவாங்க."

"இடது பக்கம் போடும்மா. வண்டியும் என் மனைவி பேர்லதான்."

அளவு எடுக்கப் பத்மாவை ஒரு சனிக்கிழமை அழைத்து வந்தார். ஷோரூமில் அவர்களுக்காகத் தயார் செய்து நிறுத்தியிருந்த வண்டியின் இடது சீட்டில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். சீட் முனகிக்கொண்டு முன்னே வந்து, மேலே ஏறி, அவளுக்கு ஏற்றபடி நின்றது. சபீனா பட்டனை அழுத்தி, 'மெமரி ஒன்று, பத்மா' என்று பதிவு செய்தாள். கண்ணாடிக்கு வெளியே எஸ்டேட் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க, முன்னாடி உக்காந்தா ரோடு நம்மள பாத்து வருது," என்றாள் பத்மா. "நான் இத்தன நாளா அது போறதத்தான் பாத்துட்டிருந்தேன்."

ஓர் ஆள் இருபத்தைந்து வருஷத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று உத்தமன் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். கை எட்டவில்லை.

அரசு ஊழியர் குடும்பத்தில் கார் வாங்கினால் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அதை 'முறையான வழியாக' அனுப்ப வேண்டும். உத்தமனுக்கு முறையான வழி என்பது செங்கல்வராயன். அவர் பகலில் பிரிவின் மேலதிகாரி, மாலையில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர். படிவம் காலை பதினொன்றுக்கு அவர் மேஜைக்குப் போனது. சாயங்காலம் உத்தமன் வீடு திரும்பியபோது காரின் நிறத்தை இஸ்திரி போடுபவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. பொருள் எண் ஒன்று: 'நமது புதிய கார்.'

"இன்னா உத்தமா, ரெண்டு கதவுன்னு போட்டுகீறே," என்று ஆரம்பித்தார் செங்கல்வராயன். "மத்த ரெண்டு அப்பால வருமா?"

"இல்ல சார். அவ்வளவுதான் சார் கதவு."

"பின்னாடி எப்டி ஏர்றது?"

"ஏற முடியாது சார்," என்றார் உத்தமன். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

செயலாளர் வீராசாமி எழுந்தார். பக்கத்துக் கோவில்பதாகையில் பிறந்து வளர்ந்தவர். எதையும் கல்யாணத்தோடு சேர்த்துத்தான் யோசிப்பார். "தை மாசம் என் மச்சானுக்குக் கண்ணாலம் வச்சிகீறோம். பொண்ணு மாப்ள எங்க உக்காருவாங்க?"

"ஒருத்தர் முன்னாடி உக்காரலாம்."

"இன்னொருத்தரு?"

"பஸ்ல வரலாம்."

வீராசாமி இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, யார் பஸ்ஸில் வருவது என்பதைத் துணைக்குழு முடிவு செய்யும் என்றும் சேர்த்துக்கொண்டார். மகளிர் பிரதிநிதி ராஜம்மா, மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை உள்ள மாடலாக வாங்கினால் ஆடி மாதக் கூழ் குண்டானை மேல் வழியாக இறக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். சங்கத்தின் பத்தடி ஏணியையும் அதே வழியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோகலாம் என்று திருத்தம் வந்தது. ரயில்வே கேட் வந்தால் என்ன செய்வது என்பதில் விவாதம் முக்கால் மணி நேரம் நீண்டது. இவ்வளவு ஆழமான தொழில்நுட்ப விவாதம் அந்தக் காரைத் தயாரித்த கம்பெனியிலாவது நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

கடைசியில், பரிசோதிக்காமல் எதையும் ஒதுக்குவது க்வார்ட்டர்ஸின் பண்பாட்டுக்கு விரோதம் என்று செங்கல்வராயன் தீர்ப்புச் சொன்னார். ஐந்து பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு அமைக்கப்பட்டது. ராஜம்மாவுக்குக் குழுவில் இடம் இல்லை; அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாதாம்.

குழு அடுத்த சனிக்கிழமை ஷோரூமில் இறங்கியது. முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்கள். வாழ்நாள் முழுவதும் ராட்சத எஞ்சின்களின் நடுவில் நின்றவர்கள் ஆகையால், "ஏம்மா, வண்டிக்கு ஜலதோசம் புட்சிகீதா?" என்று செங்கல்வராயன் கரிசனத்தோடு கேட்டார். பிறகு ஒவ்வொருவராகப் பின்சீட்டில் ஏறிப் பார்த்தார்கள். முதல் ஆள் தலையைக் கொடுத்துவிட்டு யோசித்தார். இரண்டாவது ஆள் யோசித்துவிட்டுத் தலையைக் கொடுக்கவில்லை. செங்கல்வராயன் உள்ளே போய், மூக்கு முழங்காலில் படிய, ஒரு நிமிஷம் இருந்துவிட்டு வெளியே வந்தார். வீராசாமி உள்ளே போனார், வரவில்லை.

"இன்னா ஆச்சுபா?"

"கால் எங்க கீதுன்னு தெர்லண்ணாத்தே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பக்கத்து போல்ட் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, இருபத்திரண்டு நிமிஷத்தில் அவரைச் சேதமில்லாமல் கழற்றினார்கள். அங்கேயே அறிக்கை எழுதப்பட்டது. 'மேற்படி பின்சீட் மனிதர் அமரத் தகுதியற்றது. பை, குடை, சிறிய தேங்காய் மூட்டை ஆகியவற்றுக்குப் பரிந்துரைக்கலாம்.' ஐந்து கையெழுத்து, சங்கத்தின் முத்திரை. உத்தமன் அதை வாங்கி, ஆவடி மார்க்கெட்டில் கொடுத்து லேமினேஷன் செய்துகொண்டார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் பார்த்த பரிசோதனை அறிக்கைகளிலேயே இதுதான் மிகத் துல்லியமானது.

வண்டி ஒரு வெள்ளிக்கிழமை காலை தெருவுக்கு வந்தது. ஆரஞ்சு நிறம், பின்னால் இறக்கை. பத்மா புதுப் புடவை கட்டியிருந்தாள். கையில் அர்ச்சனைக் கூடை. திருவேற்காடு வரை இரண்டு பேர் மட்டும் போவதாக ஏற்பாடு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். செங்கல்வராயன் தேங்காய் உடைத்தார். பின்சீட் விவகாரம் அதிகாரபூர்வமாக முடிந்துவிட்டதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெறும் கையோடு வாழ்த்திவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மரபு ஒன்று முறிந்ததற்குத் தெரு இதைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொண்டிருக்க முடியாது.

"சரிப்பா, நல்லாகீது," என்றார் செங்கல்வராயன், இடது கதவுப் பக்கம் நின்று. "நானும் கெளம்புறேன். பூந்தமல்லில ஒரு வேல கீது. பஸ்ஸு புட்சிப் போய்க்கிறேன்."

அவர் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் திரும்பி இரண்டு அடி நடந்தும் விட்டார்.

"சார்," என்றது உத்தமனின் வாய். "நாங்களும் அந்தப் பக்கந்தான் போறோம். உக்காருங்க சார், முன்னாடி."

உத்தமன் தன் வாயை நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை. கையும் சேர்ந்துகொண்டு இடது கதவைத் திறந்து பிடித்தது.

செங்கல்வராயனே தயங்கினார். "அட இன்னாபா. பின்னாடிதான் ஆள் உக்கார முடியாதே. நாமளே கையெய்த்துப் போட்டுகீறோமே. அந்தம்மா எங்க உக்காரும்?"

உத்தமன் பத்மாவைப் பார்த்தார். பத்மா உத்தமனைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அர்ச்சனைக் கூடையைப் பின்சீட்டில் வைத்தாள். கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வலது காலை உள்ளே விட்டு, தோளைத் திருப்பி, தலையைக் குனிந்து, உள்ளே போய்விட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தொழில்நுட்பக் குழுவில் செங்கல்வராயனைத் தவிர வீராசாமி மட்டும் அங்கே மிச்சம் இருந்தார். அவர் வாய் திறந்தபடி நின்றார்.

செங்கல்வராயன் முன்னால் உட்கார்ந்தார். மெமரி ஒன்று உடனே வேலை செய்து, சீட்டை முன்னே கொண்டுபோய் அவர் முழங்காலை டாஷ்போர்டில் ஒட்டியது. அவர் கைக்குக் கிடைத்த பட்டனை எல்லாம் அழுத்தினார். சீட் பின்னே போனது. பத்மா தன் முழங்காலைக் கூடையோடு சேர்த்து மடக்கிக்கொண்டாள். 'மெமரி ஒன்று மாற்றப்பட்டது' என்று ஒரு பெண் குரல் சுத்தமான தமிழில் அறிவித்தது.

"முதுவு சில்லுன்னு கீதுபா," என்றார் செங்கல்வராயன், கண்ணை மூடி. "ராஜபோகம்."

ஆவடியிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் மணிக்குப் பதினாலு கிலோமீட்டர் வேகத்தில் போனார்கள். செங்கல்வராயன் ஆசைப்பட்டதால் உத்தமன் ரேஸ் மோடைப் போட்டார். மீட்டர் சிவப்பானது. எஞ்சின் எட்டு ஸ்பீக்கரில் உறுமியது. அவற்றில் இரண்டு, பின்சீட்டில் இருப்பவரின் இரண்டு காதுக்கும் நேராகப் பொருத்தப்பட்டவை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி போனது, அதன் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ போனது, எல்லோரையும் முந்திக்கொண்டு ஒருவர் சைக்கிளில் போனார். உத்தமன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இந்தக் காரில் பின்சீட் முன்னோக்கித்தான் இருந்தது. பார்த்திருந்தால் முகம் தெரிந்திருக்கும்.

கரையான்சாவடி அருகில் போன் வந்தது. காரே எடுத்துக்கொண்டது.

"வணக்கம் சார், ஷோரூம்லேர்ந்து சபீனா பேசறேன். டெலிவரி முடிஞ்ச அன்னிக்கே ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பதிவு பண்ணணும் சார். ஓனர் பத்மா மேடம் பக்கத்துல இருக்காங்களா?"

"பின்னாடி இருக்காங்கம்மா," என்றார் உத்தமன்.

"பின்னாடி வேற கார்ல வர்றாங்களா சார்?"

"இல்ல. இதே கார்லதான்."



"மேடம்," என்றாள் சபீனா, குரலைத் தாழ்த்தி. "உங்க புது வண்டி எப்படி இருக்கு மேடம்?"

பத்மா அர்ச்சனைக் கூடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"பழைய வண்டி மாதிரியேதாம்மா இருக்கு."